அடுத்த மாதப் புத்தகம்

புத்தகத்துக்கு அட்டை போடப் பழுப்புத் தாளுக்கு நிகராக இன்னொன்று கிடையாது. பிளாஸ்டிக் உறை கையில் வழுக்கும். செய்தித்தாள் போட்டால் மை ஒட்டும். நான் ஆறாம் வகுப்பிலிருந்து பழுப்புத் தாள்தான் போடுகிறேன். அரூரில் எங்கள் தெருமுனைக் கடையில் இன்னமும் கிடைக்கிறது.

ஆய்வாளர் ஐயா, நாளைக் காலை நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். வாயால் சொன்னால் முன்னது பின்னதாகிவிடும். ஆகவே எழுதிக்கொண்டு வருகிறேன். கோபத்தில் எதையும் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. கோபத்தில் எதையும் செய்ததும் இல்லை.

என் பெயர் நிர்மலாதேவி. ஒரு தனியார் பள்ளியில் அலுவலக எழுத்தர். கணவர் இறந்த பிறகு மாலை நேரம் நீண்டுபோயிற்று. சென்ற ஆண்டு வாட்ஸப்பில் ஒரு வாசிப்புக் குழு தொடங்கினேன். விளையாட்டாகத்தான். மாதம் ஒரு புத்தகம், ஒரே பிரதி. நான் வாங்கி, அட்டை போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். படித்தவர் அடுத்தவர் ஊருக்கு அதே மாதிரி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு மாலை எல்லோரும் வீடியோவில் கூடிப் பேசுவோம். எதைப் படிப்பது என்பதை நான் தேர்ந்தெடுப்பேன். அதில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

முகநூலில் நான் போட்டிருந்த இணைப்பைப் பிடித்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பெயர் வெண்மதி என்றாள். சித்தேரி மலை மேல் இருப்பதாகச் சொன்னாள். வீடியோவில் முகம் காட்டமாட்டாள். குரல் மட்டும் வரும், பின்னால் காற்று இரையும்.

"பாறை மேல ஏறி நின்னாத்தாங்க அக்கா டவர் கெடைக்குது. எறங்கிட்டா நான் செத்த மாதிரிதான்" என்று சிரிப்பாள்.

அவளுக்குப் புத்தகம் மலை பஸ்ஸில் போகும். அவள் கணவன் வந்து வாங்கிக்கொள்வான். கண்டக்டர் மாது என்னைக் கேலி செய்வார்: "என்னங்க மேடம், இந்த மாசமும் ஏத்திவுட வந்துட்டீங்களா? இந்தப் புத்தகத்துக்கு நீங்க அரை டிக்கெட்டாவது எடுக்கோணும். அந்தப் பையன் சாமைக்காட்டுலருந்து ஓடியாறான், என்னமோ நான் மாமியார் வூட்டுச் சீரு கொண்டாந்த மாதிரி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென்னாகரத்து தெரசா டீச்சர் வெண்மதியை விடவில்லை. "ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டும்மா, யாருகிட்டப் பேசறோம்னே தெரியல" என்றார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் காமிராவைத் திறந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவளுடைய இடது புருவத்தைப் பார்த்தேன். குறுக்கே ஒரு தழும்பு.

என் கைப்பேசியில் வருவதை நான் அழிப்பதில்லை. முன்பு வாட்ஸப்பில் சுற்றி வந்த ஒரு செய்தியை அன்றிரவே தேடி எடுத்தேன். 'காணவில்லை. மணிமேகலை, வயது இருபத்திரண்டு, பாலக்கோடு பக்கம். இடது புருவத்தில் தழும்பு. தாயார் தீர்த்தம்மாள் படுத்த படுக்கையாக இருக்கிறார்.' கீழே அண்ணன் மாதவராஜின் எண். படம் அதே பெண்தான். காலனியைச் சேர்ந்த அறிவழகன் என்பவனோடு போய்விட்டாள் என்று அப்போதே ஊரில் பேசிக்கொண்டார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் நான் அல்ல. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் எனக்குத் தெரிந்திருந்தது, மூன்று மாதமும் அவளுக்கு அட்டை போட்ட புத்தகம்தான் அனுப்பினேன்.

அதன் பிறகு நான் ஒரு வரலாற்று நூலைத் தேர்ந்தெடுத்தேன். கொஞ்சம் கனமானது. அடிக்குறிப்புகள் அதிகம். ஞாயிறு மாலை ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டேன். வெண்மதி முறை வந்தது.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. ரொம்ப உபயோகமான புத்தகம்ங்க. எங்கூட்டுக்காரரு தலகாணி இல்லாம கஷ்டப்பட்டுட்டு இருந்தாரு. இப்ப நல்லாத் தூங்கறாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரே திரையில் இத்தனை முகம் சேர்ந்து சிரிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. தெரசா டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நிர்மலா, அடுத்த மாசத்துக்கு ஓட்டுப் போட்டு எடுக்கலாமே. நீயும் எத்தன நாளைக்குத் தனியாச் சொமப்பே?" என்றார்.

ஓட்டுப் போட்டோம். நான் ஒரு புத்தகம் சொன்னேன், வெண்மதி ஒரு நாவல் சொன்னாள். என் புத்தகத்துக்கு ஒரு வாக்கு விழுந்தது. அது என்னுடையது.

"இனிமே வெண்மதியே செலக்ட் பண்ணட்டும், நல்ல டேஸ்ட்டு" என்றார் தெரசா டீச்சர். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அரிசி களைந்து உலை வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் எனக்கு அந்தத் தாயாரின் நினைப்பு வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெண்மணி. மகள் எங்கே என்று தெரியாமல் எப்படிக் கண்மூடுவாள்? இந்த நினைப்பு முன்பே வந்திருக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லலாம். வரவில்லை. மாதவராஜுக்குப் போன் செய்தேன்.

"உங்க தங்கச்சி இருக்கிற பக்கம் எனக்குத் தெரியும்" என்றேன்.

"நீங்க யாருங்க அக்கா?"

"புத்தகம் படிக்கிறவ."

சித்தேரியில் ஊர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. காரில் போய் விசாரித்தால் மலைக்காரர்கள் வாய் திறக்கமாட்டார்கள், சேதி முந்திக்கொண்டு போய்விடும். இதையெல்லாம் அவருக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். "புத்தகம் எங்க போகுதோ அங்க போங்க. பழுப்பு அட்டை போட்டிருக்கும். அவ வூட்டுக்காரர்தான் வந்து வாங்கிக்குவார்" என்றேன்.

"கெட்டிக்காரிங்க நீங்க" என்றார். அந்த மாதத்தில் என்னை அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"ஆனா அவன்ல வந்து வாங்கறான்? இவ வல்லீனா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று மாலையே குழுவில் ஒரு விதி போட்டேன். நூல்கள் ஈரம் பட்டுத் திரும்பி வருவதால், இனிமேல் உறுப்பினரே நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். வேறு ஆளிடம் கண்டக்டர் தரமாட்டார். எல்லோருக்கும் பொதுவான விதிதான். "இதென்ன ரேசன் கடையா நிர்மலா, கைரேகை வெக்கச் சொல்லு" என்று தெரசா டீச்சர்கூட முணுமுணுத்தார்.

புத்தகம் ஏற்றுவதற்கு முதல் நாள் வெண்மதியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவள் கைப்பேசி தங்களிடம் இருப்பதால் கேட்டிருப்பீர்கள். நானும் திரும்பக் கேட்டேன்.

"அக்கா, நாளைக்கு நானே பஸ்ஸுக்கு வர்றேங்க. இவரு வேணாங்கறாரு, பயந்துக்கறாரு. ரோட்டப் பாத்தே எத்தன மாசமாச்சு, புத்தகம் வாங்கவாவது வுடுங்கன்னு சண்ட போட்டு சம்மதிக்க வெச்சிட்டேன். கூட வர்றேன்னுட்டாரு. அட்டை போட்டுட்டீங்களாக்கா? அந்தத் தாளு வாசன எனக்கு எங்க பள்ளிக்கூடத்தையே கொண்டாந்துடுதுங்க."

போட்டுவிட்டேன் என்று பதில் அனுப்பினேன். உண்மையில் அப்போதுதான் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இருவரும் வருவார்கள் என்று மாதவராஜுக்கும் தெரிவித்தேன். "அவளக் கூட்டிக்கிட்டு வந்துடுவோங்க. அவன..." என்று நிறுத்தினார். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க அக்கா." நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் எனக்குத் தெரியாது என்று முதலில் தங்களிடம் போனில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். தெரியும். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது.

மறுநாள் அரூர் பேருந்து நிலையத்துக்கு நானே போனேன். மாதுவிடம் புத்தகத்தைக் கொடுத்து, "அந்தப் பொண்ணு கையிலயே குடுங்க" என்றேன். "ஆகட்டுங்க மேடம், ஒரு வழியா அம்மணியத் தரிசனம் பண்றேன்" என்று சிரித்தார். முன் இருக்கையில் மாதவராஜும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸின் பின்னால் வருவதற்காக வெளியே அவர்கள் கார் நின்றது. மாதவராஜ் என்னைப் பார்த்தார். நான் புத்தகம் இருந்த பக்கத்தை முகவாயால் காட்டினேன். பிறகு பள்ளிக்குப் போய் வருகைப் பதிவை முடித்தேன்.

மற்றது தங்கள் கோப்பில் இருக்கிறது. அறிவழகன் பஸ் நிறுத்தத்திலேயே இறந்துபோனான். காரில் ஏற்றும்போது அந்தப் பெண் உயிரோடு இருந்தாள் என்று மாது சாட்சி சொல்லியிருக்கிறார். புத்தகத்தை நெஞ்சோடு பிடித்திருந்தாளாம், பிடுங்கியும் விடவில்லையாம். மறுநாள் தொப்பூர் கணவாயில் பள்ளத்தில் கிடந்தாள். லாரி மோதியதுபோலக் காட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் லாரி மோதுவது புதிதல்ல என்பதால் அது விபத்தல்ல என்று தாங்கள் இரண்டு நாள் தாமதமாகக் கண்டுபிடித்தீர்கள். நான் குறை சொல்லவில்லை.

தீர்த்தம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

தெரசா டீச்சர் போன் செய்தார். "நிர்மலா, உன் ரூல்ஸாலதானேடி அவ எறங்கி வந்தா?"

"ரூல்ஸ் எல்லாருக்கும் பொதுதானே டீச்சர்" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் குழுவிலிருந்து ஒவ்வொருவராக விலகினார்கள். இப்போது இரண்டு எண்கள்தான் மிச்சம். ஒன்று என்னுடையது. இன்னொன்று வெண்மதியுடையது.

அவள் தேர்ந்தெடுத்த நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. இருந்த ஒரே பிரதி தங்களிடம் சான்றுப் பொருளாக இருக்கிறது. அட்டை கறைபட்டிருந்தால் கிழித்துவிடலாம், நான் வேறு போட்டுக்கொள்வேன்.

மாதக் கடைசி ஞாயிறு வழக்கப்படி குழுவில் அறிவிப்புப் போட்டேன். அடுத்த மாதமும் அந்த வரலாற்று நூலையே எடுத்துக்கொள்வோம், சரியாகப் படிக்காமல் கருத்துச் சொல்லிவிட்டோம், மறுப்பு இருந்தால் தெரிவிக்கவும் என்று எழுதினேன். இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமாகவும் மாறியது. நிலையத்தில் யாரோ திறந்து பார்த்திருக்க வேண்டும்.

இரவு வரைக்கும் காத்திருந்தேன். வெண்மதியிடமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.