பத்து நாற்பதுக்கு எழுதிய வரி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் பேராசிரியர் டாக்டர் இன்திசாரே அதை வகுப்பில் தூக்கிக் காட்டியிருக்கிறார். அதனால்தான் மூன்று வருடமாக ஆய்வகக் குறிப்பேடு என்னிடம் இருந்தது.

எங்கள் கல்லூரி சின்னது. இயற்பியல் மூன்றாம் ஆண்டில் நாங்கள் நான்கே பேர். முதல் நாள் ஆய்வகத்தில் யாரோடு ஜோடி சேர்கிறோமோ, பட்டம் வாங்கும்வரை அவனோடுதான். எனக்கு வஸ்ஃபி. கருவியில் அவன் கை வைப்பான், எண்களைப் பார்த்து நான் எழுதுவேன். மதியம் கொண்டைக்கடலை வடை வைத்த ஒரே ஃபலாஃபெல் ரொட்டியைப் பிய்த்துத் தின்போம். ஊறுகாய் இருக்கிற பாதியை எனக்குத்தான் தருவான்.

குறிப்பேட்டுக்கு ஒரு விதி உண்டு. நடந்ததை நடந்த நேரத்தில், பேனாவால் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. தப்பானால் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி.

கோடையில் தலைநகர் அம்மானில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு எங்களில் ஒருவர் மட்டும் போகலாம். "போனா ரெண்டு பேரும், இல்லன்னா யாருமே வேணாம்டா" என்று கையடித்தது வஸ்ஃபிதான். நான் விண்ணப்பிக்கவில்லை. மார்ச்சில் ஒருநாள் குறிப்பேட்டைக் கொடுக்க டாக்டர் இன்திசாரின் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே வஸ்ஃபி, கையில் விண்ணப்பத்தோடு.

"இதுல ஹைதமோட பங்கு என்னப்பா?" என்று அவர் என்னைப் பற்றிக் கேட்டார்.

"அவன் எழுதுவான் டாக்டர். அவ்ளோதான்."

"அவனுக்கு வருத்தமா இருக்காதா?"

"அவனா? ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பான். அப்புறம் சரியாயிடுவான்."

குறிப்பேட்டைக் கொடுக்காமலே திரும்பி வந்தேன். மூன்று வருடம் அவனோடு ரொட்டி தின்றதை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் அவன் சொன்னபடியே மூன்றாம் நாள் சரியாகிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, வாரத்தின் முதல் வகுப்பில், அகச்சிவப்பு லேசர். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, பட்டால் இமைக்கவும் நேரமிருக்காது. எங்களிடம் இரண்டு வகை லேசர், அதற்கு இரண்டு வகைக் காப்புக் கண்ணாடி. எல்லாமே ஒரே வெளிர்பச்சை, ஓரத்தில் பொறித்த எண் மட்டும் வேறு, மூன்று அல்லது ஐந்து. எண் பார்ப்பது எழுதுகிறவன் வேலை. வஸ்ஃபி திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவான். அன்றும் நீட்டினான். கொடுத்தேன்.

"நம்பர் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"என்னடா, ஐயா முகத்துல இன்னைக்குத்தான் வெளிச்சம் வந்திருக்கு" என்று சிரித்தான்.

மேசைமேல் குனிந்து, கதிரைத் திருப்பிவிடும் சின்ன ஆடியை நகர்த்தினான். கொஞ்ச நேரம் கழித்து, "டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சா?" என்றான். எனக்குக் கேட்கவில்லை. அது அவன் கண்ணுக்குள் நடந்தது.

வலது கண்ணின் நடுவில் இனி எப்போதும் ஒரு கரும்புள்ளி இருக்குமாம். அந்தக் கண்ணால் யாரைப் பார்த்தாலும் முகம் இருக்காது. ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தியே மகனே, அது போதும்" என்று அழுதார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

விசாரணைக் குழுவில் இருக்கிற நீங்கள் இதை விபத்து என்று எழுதப்போகிறீர்கள். "நம்பர் பாக்காம கண்ணாடிய போட்டுட்டேன், தப்பு என்மேலதான்" என்று வஸ்ஃபியும் சொல்லியிருக்கிறான். அம்மானுக்கு என் பெயரை அனுப்பலாம் என்கிறார் டாக்டர் இன்திசார். வேண்டாம். நான் அந்த இடத்துக்காக எதுவும் செய்யவில்லை.

இரண்டு வாரமாகக் குறிப்பேடு உங்கள் மேசைமேல் கிடக்கிறது, ஒருவரும் திறக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.

"10.40. வஸ்ஃபிக்குக் கொடுத்தது மூன்றாம் எண் கண்ணாடி. இந்த லேசருக்கு ஆகாது. நான் போட்டிருப்பது ஐந்தாம் எண், சரியானது. 10.42. லேசர் போட்டாயிற்று."

நடுவில் இரண்டு நிமிடம். பேனா கையில்தான் இருந்தது, ஒரு கோடு போட்டிருக்கலாம். எழுத்தையும் பாருங்கள், எங்கேயும் நடுங்கவில்லை. அவன் சொன்னது சரிதான். நான் எழுதினேன், அவ்வளவுதான்.