படகோட்டியின் முகம்

— “2024 ஜூலை 14, ஞாயிறு, திருகோணமலை, உள்துறைமுக வீதி. கதை விளையாட்டு, பன்னிரண்டாவது ஆட்டம். பிரதீஸின் படகோட்டி கடலில் விழுந்தார்.” கொப்பியில எழுதிட்டன். இருபது பக்கக் கட்டைய உருட்டு, பிரதீஸ். பத்துக்குக் கீழ வந்தா ஆள் மௌத்து.

— செத்தா நிம்மதி, நிப்றாஸ். நாப்பது வயசு ஆள் எண்டு நான் எழுதினன். இந்த மதி குடுத்த மூஞ்சையைப் பார். அரும்பு மீசை! மூண்டு மாசமா உன்ர கதையில ஒரு மீன் முதலாளியும் அவனை மதிக்கேல்லை.

— நான் என்ன செய்ய? இடப்பக்கம் இருக்கிறவங்கதான் ஆளுக்கு முகம் சொல்லோணும். நம்மட மேசைச் சட்டம். உங்கள உட்டா எல்லாரும் சினிமா ஹீரோவாத்தான் வருவீங்க.

— சரி சரி. மதி, கட்டையைத் தா. ஏன் பொத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கிறாய்?

— உருட்டாதை, பிரதீஸ்.

— விசரே உனக்கு? விளையாட்டடி.

— அது எங்கட அண்ணான்ர முகம்.

— எந்த அண்ணா?

— இராகுலன் அண்ணா. ரெண்டாயிரத்தெட்டில மண்ணெண்ணெய் வாங்கக் கப்பல்துறைப் பக்கம் போனவர். வரேல்லை. அவருக்குப் பத்தொன்பது, எனக்குப் பன்ரெண்டு. நாப்பதில எப்பிடி இருப்பார் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச முகத்தைச் சொன்னன்.

— அல்லாஹ்வே! மூணு மாசமா ஒண்டும் கதைக்கல்லயே, புள்ள.

— பிரதீஸ் அவரைக் கதைக்க வைச்சவன். அதைக் கேக்கத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வந்தனான்.

— நான் அவனைக் குடிக்க விட்டனான், மதி. களவெடுக்க விட்டனான். சத்தியமா எனக்குத் தெரியாது.

— அதுதான் எனக்குப் பிடிச்சது. அம்மா சொல்ற அண்ணா ஒரு பிழையும் விடமாட்டார்.

— சரி, கட்டை வேணாம். கதை சொல்றவன் நான். ஒரு வள்ளம் வருது, ஆளத் தூக்குது. முடிஞ்சுது.

— வேண்டாம், நிப்றாஸ். சாதகம் பாக்க எங்கட வீட்டுக்கு வந்த சாத்திரிமார் எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை. இருக்கிறாராம், வருவாராம்.

— அப்ப, “ஆள் கிடைக்கேல்லை, கடல் கொண்டுபோட்டுது” எண்டு எழுதடா, நிப்றாஸ். பிறகு யோசிப்பம்.

— அதை மட்டும் எழுதவேண்டாம்.

— மதி, காப்பாத்தவும் வேணாம், காணாமப் போகவும் வேணாம். அப்ப நான் என்ன எழுத?

— நில்லு. நானே உருட்டுறன்.

— ஏய் மதி, அது என்ர ஆள்—

— நாலு.

— நிப்றாஸ், கை தட்டிப் போட்டுது எண்டு சொல்லு. திருப்பி உருட்டலாம்.

— மதி? திருப்பி உருட்டுறியா?

— இல்லை. செத்துப்போனார். உடம்பு கரைக்கு வருமோ?

— அதுக்குச் சட்டம் ஒண்டும் இல்ல. நீ சொன்னா வரும். எங்க?

— சாம்பல்தீவுக் கரையில. விடிய, கரைவலை இழுக்கிற ஆக்கள் நிக்கிற நேரம்.

— எழுதிட்டன். ஆர் எண்டு அந்த ஆக்களுக்குத் தெரியாதே. முகம் தெரிஞ்ச ஒருத்தர் வரோணும்.

— அவரின்ர தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தவை. பார்த்தவ. அவர்தான் எண்டு சொன்னவ.