எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரித்தார்கள்

வீட்டுக்கு யார் வந்தாலும் மோர் கொடுக்காமல் அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கு வரும் போலீஸ்காரர்கூட முதலில் என் வாசலில்தான் நிற்பார்.

என் மகன் நிர்மலும் எதிர்வீட்டு எழிலரசியின் மகள் காவ்யாவும் ஒரே கல்லூரியில் விமானப் பொறியியல் படித்தார்கள். முடித்த பிறகுதான் அதற்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு என்று புரிந்தது. நிர்மல் அம்பத்தூர் எஸ்டேட்டில் கூரியர் மூட்டை பிரித்தான். அவன் கழுத்தில் தொங்கும் கூரியர் கம்பெனி அட்டையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

பிறகு ஆவடிப் பக்கம், ராணுவ விமானங்களுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒரே ஒரு பயிற்சி இடம் வந்தது. காவ்யாவுக்குக் கிடைத்தது. அவள் இல்லையென்றால் அடுத்தது நிர்மல். ராணுவச் சமாச்சாரம் என்பதால், போலீஸ் அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகுதான் சேர்ப்பார்கள்.

ஏட்டு கஜபதி வந்தார். மோர் கொடுத்தேன்.

"எதிர்வூட்டுப் பொண்ணு எப்டி, வசந்தாம்மா?"

"தங்கமான பொண்ணு சார். டெய்லி யாரோ வெளிநாட்டுக்காரன்கூட கம்ப்யூட்டர்ல பேசிகினு கீது. ஏரோப்ளேன் படமா காட்டிகினு பேசுறாங்கோ. நமக்கு இன்னா தெரியும்?"

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அது விமான எஞ்சின் பற்றிய இலவச வகுப்பு. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காவ்யாவை ஸ்டேஷனுக்கு அழைத்து அழைத்து விசாரித்தார்கள். தெருவே அவளை உளவாளி என்றது. வேலை போயிற்று.

ஒருநாள் என் சமையலறையில் வந்து நின்றாள். அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, அது கிளாஸ்தான்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

பாவமாகத்தான் இருந்தது. தோசை வார்த்துப் போட்டேன். முட்டி வலிக்கிறது, நாளைக்குப் போகலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் அவள் வரவில்லை. எழிலரசியின் அலறல் கேட்டு முதலில் ஓடியது நான்தான். காவ்யாவைத் தூக்கிலிருந்து இறக்கும்போது கால்களைத் தாங்கிப் பிடித்ததும் நான்தான். அந்த இடம் நிர்மலுக்கு வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நிர்மலுக்கு அழைப்பு வந்துவிட்டது. நாளை கஜபதி மறுபடி வருகிறார். இந்த முறை எதிர்வீட்டில் கேட்பார். அந்த வகுப்பில் காவ்யாவுக்குப் பக்கத்தில் நிர்மலும்தான் தினமும் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தவள் எழிலரசி. ஏட்டிடம் சொன்னது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள்.

ஆனாலும் எனக்குப் பயமில்லை. அவளும் பிள்ளை பெற்றவள். இன்னொருத்தி பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?