ஜெயித்ததைச் சொல்ல ஒரு போன்

எழுத்துக் கூட்டி போர்டைப் படிப்பதற்குள் பஸ்ஸை விட்டுவிடுகிற ஆள் நான். என் காது மட்டும்தான் காலேஜ் வரைக்கும் போனது. பல்லடம் பஸ்ஸில் முன்சீட்டு அக்கா, பக்கத்தில் இருந்த பனியன் கம்பெனிப் பொண்ணிடம் சொன்னார்:

"கேஸ்ல ஜெயிச்சுட்டேன் கண்ணு. சொல்லத்தான் ஆளில்ல."

"என்ன கேஸுங்க்கா?"

"லோன் கம்பெனிக்காரன் மேல, நுகர்வோர் கோர்ட்டுல. ஊட்டுக்குச் சீல் வெப்பேன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் போனைப் போட்டு மிரட்டுனான். இனி ஆரையும் மிரட்டக்கூடாதுன்னு இன்னைக்குத் தீர்ப்பாயிருச்சு."

"கூடப்பொறந்தவங்க இல்லீங்களா?"

"மூலனூர்ல தங்கச்சி இருக்கறா. அவன் தொல்லைக்குப் பயந்து சிம்மை மாத்துனேன். புது நம்பரை அவளுக்குக்கூடச் சொல்லல."

"இப்பப் போடுங்க்கா, சந்தோசப்படுவாங்க."

அக்கா போட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கரில் ஒரு குரல் கொட்டித் தீர்த்தது: "அவ எங்க இருக்கறான்னு தெரியாதுங்க. எங்களுக்கும் அவளுக்கும் பேச்சே இல்லீங்க." கட்டாகிவிட்டது.

"என்னுங்க்கா, கூடப்பொறந்தவ பேசற பேச்சா இது?"

"அவளைத் திட்டாத கண்ணு. புது நம்பர் வந்தா இப்படிச் சொல்லுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"மறுக்கா போட்டு, அக்கா பேசறேன்னு சொல்லுங்க."

மறுபடி போட்டார். சுவிட்ச் ஆஃப்.

"இதையும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றார் அக்கா.