மாதம்மாள் அக்காவுக்கு வாசித்தவை

எனக்கு நன்றாக வாசிக்க வரும். வேறு பெரிய திறமை எதுவும் கிடையாது. ஆலங்காயத்திலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வந்து, இந்த ஊர் நூலகத்தை ஆறு வருடமாகத் திறந்து மூடுகிறேன். எட்டிப் பார்க்க ஆளில்லாததால் வியாழக்கிழமைகளில் வாசகர் வட்டம் தொடங்கினேன். பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுப்பார்கள். நான் நாவலை உரக்க வாசிப்பேன்.

இந்த மாசியில் வாசித்தது ஒரு மாயப் புத்தகக் கடையின் கதை. உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கடையில் ஒரு புத்தகம் உண்டு. அவர்கள் வாழ வாழ அது தன்னையே எழுதிக்கொள்ளும். நூலகத்துக்குப் பக்கத்து வீட்டு, எழுத்துத் தெரியாத மாதம்மாள் அக்கா அதில் சொக்கிப்போனார். அவர் மகன் ரமேஷ் குடகில் மிளகுத் தோட்ட வேலையில் இருந்தான்.

"எம் புள்ள புக்கு அங்க கீதா, மேடம்?"

இருக்கிறது, நல்ல கெட்டிப் புத்தகம் என்று நானாகச் சேர்த்து வாசித்தேன். அவர் முகம் மலர்ந்ததில் எனக்கு ஒரே பெருமை. பிறகு வாராவாரம் அவனுக்கு ஒரு பக்கம் சேர்த்தேன்.

அக்காவிடம் போன் கிடையாது. ரமேஷ் என் எண்ணில்தான் கூப்பிடுவான். ஒரு புதன்கிழமை காலை கூப்பிட்டான்.

"மேடம், மரத்துலருந்து வுழுந்துட்டேன். மைசூர் ஆஸ்பத்திரில கீறேன். அம்மாவ வரச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். மறுநாள் வாசகர் வட்டத்தைப் பார்க்கத் திருவண்ணாமலையிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. வாய் திறந்து கேள்வி கேட்பவர் மாதம்மாள் அக்கா ஒருவர்தான். போனில் பேசத் தெம்பிருக்கிறதே, ஒரு நாள் பொறுப்பான் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் மறுபடி கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. அம்மா பஸ் ஏறிவிட்டார் என்றேன். வியாழன் காலை அவன் போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை.

வந்தவர்கள் அக்காவின் கேள்விக்குக் கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை ரமேஷை ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்கா நூலகத்துக்கு வந்தார். நான் நாவலை எடுக்கப் போனேன்.

"அந்தக் கத வாணாம் மேடம்" என்று முந்தானையில் முடிந்திருந்த ரமேஷின் போனை நீட்டினார். "கடைசியா யார்கிட்ட பேசனான்னு இதப் படிச்சு சொல்லு."

'லைப்ரரி மேடம்' என்று மூன்று முறை இருந்தது, நேரத்தோடு.

"யார் பேரும் இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் அழித்தேன்.

"என்னக் கூடவா தேடல அவன்?"

"இல்லக்கா."

அவர் எழுந்தார். பிறகு, "நீ படிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று போனை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. மறைத்தது போதும் என்று, ஒன்று விடாமல் இதையெல்லாம் எழுதி, நேற்று அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டேன். இப்போது மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது. வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார், வாசித்துக் காட்டச் சொல்லி.