இரண்டு பட்டியலும் ஒன்றுதான்

அலமாரிக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஸ்கேலைக் கட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி. நல்ல மனுஷி. அவளை இதில் இழுக்காதீர்கள்.

என் வேலை இவ்வளவுதான், ஐயா. விற்கவும் இடிக்கவும் எங்கள் கையில் வரும் வீடுகளில் எது காலி, எதில் ஆள் உண்டு என்ற பட்டியல் தலைமை அலுவலக சர்வரில் இருக்கிறது. அதன் நகல் எங்கள் கிளைக் கம்ப்யூட்டரில். தினமும் காலை ஒன்பது மணிக்கு இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு எத்தனை என்று மேலே அனுப்ப வேண்டும். பதினான்கு மாதமாக என் கிளையில் பூஜ்யம். மற்ற கிளைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். எரியட்டும், பாவம்.

போன திங்கட்கிழமை ஒரு பெண் போன் செய்தாள். இடிக்கும் பட்டியலில் இருந்த ஒரு மூலை வீட்டில் அவள் அப்பா இன்னும் குடியிருக்கிறாராம். "மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க சார். நீங்க காலின்னு போட்டிருக்கீங்களே."

நேரில் போய்ப் பார்த்தேன்; கடமையில் குறை வைக்க மாட்டேன். பாய்லர் ஆலையில் நாற்பது வருஷம் உழைத்து, காது முழுக்கப் போன மனிதர். நான் கேட்டதையெல்லாம் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. திரும்பி வந்து எங்கள் நகலில் 'ஆள் உண்டு' என்று திருத்தினேன்.

மறுநாள் காலை, வேறுபாடு ஒன்று.

சர்வரைத் திருத்தத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட வேண்டும். மூன்று நாளாகும். அந்த மூன்று நாளும் என் பெயருக்கு நேரே அந்த ஒன்று உட்கார்ந்திருக்கும். நகலில் மறுபடி 'காலி' என்று மாற்றிவிட்டேன். இரண்டும் முரண்பட்டால் சர்வர் சொல்வதே சரி என்பதுதான் விதி. விதியை நான் எழுதவில்லை.

வியாழன் காலை, இடிக்கிற வண்டிக்காரர் கூப்பிட்டார். "சார், கொடியில துணி காயுது. சத்தம் போட்டுப் பார்த்தோம், யாரும் வரல. உள்ள ஆள் இருக்காங்களா?"

"இருங்க, பார்த்துச் சொல்றேன்."

அவசரப்படவில்லை. சர்வரைப் பார்த்தேன், நகலையும் பார்த்தேன்.

"காலிதான். ஆரம்பிங்க."

அந்த மகள் என்னைக் கொலைகாரன் என்கிறாளாம். துக்கத்தில் பேசுகிறாள், நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் உள்ளே இருப்பார் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். ஆனால் வண்டிக்காரர் என்னிடம் கேட்டது பட்டியலைத்தானே?