கந்தகப் புகை அறை

ஹலோ... ஹலோ... ஓம், ஓம், கொழும்புதானே?... வினாயகமூர்த்தி முதலாளியா?... நான் மீராசாஹிப். ஒங்கட காத்தான்குடிச் சாயப்பட்டறை மீராசாஹிப்... இல்ல, தபால் கந்தோர்ல நிண்டு கதைக்கிறன்...

கம்பளியா?... நல்லது, முதல்ல கம்பளியத்தான் கேப்பீங்க. பட்டாள ஆஸ்பத்திரிக் கம்பளியில நாப்பது புகையில வெளுத்தாச்சு... ஓம், ஓம், அறுபது கெடக்கு... கொஞ்சம் கேளுங்க முதலாளி. நம்மட பட்டறையில வேலை செய்யிற இராசாத்தி கந்தகப் புகையில விழுந்திட்டா... ஓம், அந்த அறைக்குள்ளதான். கம்பளியத் திருப்பிப் போடப் போனவ... மயக்கமில்ல, மூச்சு எடுக்க ஏலாமக் கெடக்கா ஆஸ்பத்திரியில...

அவட கவனக்குறைவா?...

செல்ல வாய் கூசல்லியா ஒங்களுக்கு? புகை வீணாப் போகுது எண்டு சாளரத்த அடைக்கச் சொன்னது ஆரு?... ஓம், நீங்கதான். மூக்குல லேஞ்சியப் பொத்திக்கொண்டு, வெளிய நிண்டு சொன்னீங்க. சீமெந்து பூசினது என்ட கை. அந்த வெக்கம் எனக்கு இரிக்கி. ஒங்களுக்கு அதுவுமில்ல...

ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்கி அனுப்புங்க எண்டு மூணு காயிதம் எழுதினன்... ஓம், அதேதான், காது கழுவுற மருந்து எண்டு சிரிச்சீங்களே, அது... வெதுவெதுத் தண்ணியில கலந்து ராவு முழுக்க ஊறப் போட்டாக் காணும். புகையில்ல, இருமலில்ல. வெள்ளையும் நிக்கும். கந்தகத்துல வெளுத்தது நாலு தரம் கழுவினாப் பழையபடி மஞ்சள்... ஓம், ஓம், விலை கூடத்தான்...

என்ன?... பிளீச்சிங் பவுடரா?... முதலாளி, அது உடுக்கிற சாரத்துக்குப் போடுறது, பருத்திக்கு. கம்பளி ஆட்டு மயிர். அதுல போட்டீங்கண்டா மஞ்சளாகி, கையோட பிஞ்சி வரும். கம்பளி வியாபாரி எண்டு கடையில இவ்வளவு பெரிய பலகை வேற...

ஹலோ... ஓம், இரிக்கன்... மிச்ச அறுபதையும் இண்டைக்கே புகையில போடவா?... ஏலாது... வேற ஆள் வெச்சாலும் ஏலாது. அறைக்குக் கதவில்ல...

ஓம், நான்தான் கழட்டினன்... எதுக்கா? அவளத் தூக்கிக்கொண்டு போக வேறென்ன இரிந்திச்சு அங்க? கதவுல கெடத்தி நாலு பேர் தூக்கிப் போனம்...

எப்ப மாட்டுறதா?

இராசாத்தி எழும்பி வந்து, மாட்டுங்க எண்டு செல்லட்டும். அப்ப மாட்டுறன்... டெலிபோன வெக்கிறன்.